கார்புரேட்டரைத் திட்டுவதற்கு முன் டேங்கைத் திறந்து பாருங்கள்

ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இதுதான். செகண்ட் ஹேண்டில் வாங்கிய 6 குதிரைத்திறன் ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டு (படகின் பின்னால் மாட்டும் எஞ்சின்), சிங்கப்பூரில் பொங்கோல் பக்கம் வைத்திருக்கும் சின்னப் படகில் மாட்டியிருக்கிறது. சோக்கைப் பாதி இழுத்துப் பிடித்தால்தான் ஓடுகிறது, ஐடிலில், அதாவது வேகம் கொடுக்காமல் சும்மா ஓட விட்டால் இருமி நின்றுவிடுகிறது, ஆனால் வேகம் கூட்டும் திராட்டிலை முழுக்கத் திருகினால் ஒரு குறையும் இல்லாமல் பாய்கிறது. ஒர்க்‌ஷாப்பில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து கொடுத்தார்கள், மூன்று வாரம் நன்றாக இருந்தது, மறுபடி அதே கதை. இரண்டாவது தடவையும் அப்படியே. இனி புதுக் கார்புரேட்டர் வாங்கிவிடலாமா என்கிறார் தம்பி.

வேண்டாம், இப்போதைக்கு அந்தக் காசைப் பையிலேயே வையுங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறி பைலட் ஜெட் (கார்புரேட்டருக்குள் இருக்கும் மிகச் சின்னத் துளை) அடைப்பு என்பது உண்மைதான். ஐடிலில் எஞ்சினுக்குப் பெட்ரோல் வருவது அந்த ஊசித்துளை வழியாக. திராட்டில் திறந்ததும் மெயின் ஜெட் பொறுப்பேற்றுக்கொள்ளும், அதன் துளை பெரிது, அதனால் அங்கே குறை தெரியாது. சோக்கை இழுத்தால் காற்று குறைந்து பெட்ரோல் கூடும், பைலட் ஜெட் தராததை அது ஈடுகட்டும், அவ்வளவுதான் மாயம். ஆக ஒர்க்‌ஷாப்காரர் தப்பான இடத்தைத் தொடவில்லை. அவர் கேட்காமல் விட்டது ஒரே ஒரு கேள்வி: அந்த அழுக்கு எங்கிருந்து வந்தது? கார்புரேட்டர் அழுக்கைத் தயாரிப்பதில்லை, மேலே இருந்து வருவதை வாங்கிக்கொள்கிறது. டேங்கில் தொடங்கி, ஹோஸ், அதன் நடுவே பெட்ரோலை ஏற்றக் கையால் அமுக்கும் ரப்பர் உருண்டையான பிரைமர் பல்பு, ஃபில்டர், பம்பு என்று வந்து கடைசியாகத்தான் கார்புரேட்டர். நாம் எல்லோரும் வால் பக்கமிருந்து தொடங்குகிறோம். நானும் பல வருஷம் அப்படித்தான் செய்தேன், கார்புரேட்டரைப் பிரிப்பதில் ஒரு பெருமையும் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. எஞ்சினோடு வரும் கையேட்டைப் பார்த்தால், குளிர்காலத்தில் எஞ்சினை மூடி வைப்பது எப்படி என்று ஒரு முழு அத்தியாயமே இருக்கும். நமக்குக் குளிர்காலம் இல்லை, அதனால் அந்தப் பக்கங்களைப் புரட்டிவிட்டுப் போகிறோம். ஆனால் யோசித்துப் பாருங்கள்: நம்மில் எத்தனை பேர் வாரா வாரம் கடலுக்குப் போகிறோம்? ஒரு சனிக்கிழமை மழை, அடுத்த வாரம் யாருக்கோ கல்யாணம், அப்புறம் பிள்ளைக்குப் பரீட்சை, டிசம்பர் வந்தால் வடகிழக்குப் பருவமழை, பிறகு பொங்கல், சீனப் புத்தாண்டு. எஞ்சின் ஆறு வாரம், எட்டு வாரம் சும்மா நிற்கிறது, அதுவும் 32, 33 டிகிரி வெயிலில். வெள்ளைக்காரர் நாட்டில் பெட்ரோல் அஞ்சு மாதம் குளிரில் தூங்குகிறது, இங்கே வெந்துகொண்டே கிடக்கிறது. கையேட்டில் ஒரு பருவத்துக்கு ஒருமுறை செய்யச் சொன்னதை நாம் வருஷத்தில் அஞ்சாறு தடவை செய்ய வேண்டியிருக்கிறது என்பதுதான் என் கணக்கு.

பெட்ரோல் நிற்கும்போது என்ன ஆகிறது என்று சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் ஒரே பொருள் அல்ல, லேசானதும் கனமானதுமாகப் பல திரவங்களின் கலவை. லேசானவை முதலில் ஆவியாகிப் பறந்துவிடும், எஞ்சின் சட்டென்று பற்றிக்கொள்ள உதவுபவையும் அவைதான். மிச்சமிருப்பது காற்றில் உள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து மெல்லப் பிசினாகும். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் நிற்பது இரண்டு மூன்று தேக்கரண்டி பெட்ரோல்தான், அது டேங்கில் இருப்பதைவிட வெகு சீக்கிரம் வற்றும். வற்றி முடிந்தால் அடியில் பழுப்பாக, பலாப்பழப் பிசின் மாதிரி ஒரு பூச்சு. பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அதை அடைக்க எவ்வளவு பிசின் தேவைப்படும்? மோந்து பார்த்தாலே தெரியும், நல்ல பெட்ரோல் மூக்கைத் துளைக்கும், கெட்டது பழைய வார்னிஷ் டப்பாவைத் திறந்த மாதிரி ஒரு புளித்த வாடை அடிக்கும்.

இது பாதிக் கதை. மீதிப் பாதி தண்ணீர். இணையத்தில் தேடினால் அமெரிக்காக்காரர்கள் எத்தனாலைப் பற்றிப் புலம்பியிருப்பார்கள், அவர்கள் ஊரில் பெட்ரோலில் 10 விழுக்காடு எத்தனால் கலப்பது சாதாரணம், அது தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு ஓர் அளவுக்கு மேல் போனால் மொத்தமாகப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். அந்தக் கவலையை ஒதுக்கி வைத்துவிட்டு நம் படகில் தண்ணீர் எப்படி நுழைகிறது என்று பாருங்கள். விடியற்காலையில் இங்கே காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். பகலில் டேங்க் சூடாகி உள்ளே இருக்கும் ஆவி வெளியே போகிறது, இரவில் குளிர்ந்து ஈரக்காற்றை உள்ளே இழுக்கிறது. டேங்க் மூச்சு விடுகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எல்லோரும் இந்த ஆவித் தண்ணீரையே பெரிதாகச் சொல்கிறார்கள், என் அனுபவத்தில் அதைவிட மோசமான திருடன் மழை. பிளாஸ்டிக் டேங்கின் மேல்பக்கத்தைப் பாருங்கள், மூடியைச் சுற்றி ஒரு பள்ளம் இருக்கும். வருஷத்துக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊரில் அந்தப் பள்ளத்தில் எப்போதும் ஒரு கரண்டித் தண்ணீர் நிற்கும். மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் அது தானாக உள்ளே இறங்கும். வெடிக்காவிட்டாலும், பெட்ரோல் ஊற்ற மூடியைத் திருகும்போது நாமே உள்ளே தள்ளிவிடுகிறோம். திறப்பதற்கு முன் ஒரு துணியால் அந்தப் பள்ளத்தைத் துடைப்பது, காசே செலவில்லாத வேலை இது.

தண்ணீர் போனால் என்ன, பன்னிரண்டு லிட்டர் டேங்கில் ஒரு கரண்டிதானே என்று தோன்றும். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோதான் இருக்கும், தண்ணீர் ஒரு கிலோ. ஆகவே தண்ணீர் அடியில் போய் உட்காரும். டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சும் குழாயின் வாய் எங்கே இருக்கிறது? அதே அடியில். படகு கொஞ்சம் ஆடினால் முதலில் உள்ளே போவது அந்தக் கரண்டித் தண்ணீர்தான். அது கார்புரேட்டர் கிண்ணத்துக்கு வந்து, அங்கேயும் அடியில் உட்கார்ந்து, ஜெட்டின் வாயைச் சொட்டுச் சொட்டாக மூடும். கொஞ்ச நாள் கழித்து அலுமினியம் பூத்து வெள்ளைப் பொடி உதிரும், அந்தப் பொடியும் ஜெட்டுக்குப் போகும். உப்புக் காற்றும் சேர்ந்தால் இன்னும் வேகம்.

சரி, நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை. ஊறுகாய் வரும் கண்ணாடி ஜாடி ஒன்றைக் கழுவி நன்றாகக் காயவைத்து எடுத்துக்கொள்ளுங்கள். டேங்கைச் சாய்த்து, அடியில் இருக்கும் பெட்ரோலைக் கையால் அழுத்தும் சைஃபன் குழாய் வைத்து ஜாடியில் எடுங்கள் (வாயால் உறிஞ்ச வேண்டாம், தயவுசெய்து). கால்மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் முத்து முத்தாக உருளும், அல்லது தனி அடுக்காகக் கோடு போட்டு நிற்கும். மணல், கறுப்புத் துணுக்கு, பாசி மாதிரி இழை எதுவானாலும் தெரியும். நிறம் தேநீர் மாதிரி இருந்தால் அந்தப் பெட்ரோலை மறந்துவிடுங்கள். தம்பி, செகண்ட் ஹேண்ட் எஞ்சினோடு டேங்கும் சேர்ந்து வந்ததா? கேள்வியில் அதை நீங்கள் சொல்லவில்லை. வந்திருந்தால் பத்துக்கு ஒன்பது பங்கு அங்கேதான் விஷயம். பழைய இரும்பு டேங்க் என்றால் சுத்தம் செய்வது வீண் வேலை, உள்ளே துரு உதிர்ந்துகொண்டே இருக்கும், மாற்றிவிடுங்கள். பிளாஸ்டிக் என்றால் முழுக்கக் காலி செய்து, அரை லிட்டர் புதுப் பெட்ரோல் ஊற்றிக் குலுக்கி வெளியே கொட்டுங்கள், தெளிவாக வரும்வரை. உறிஞ்சும் குழாயைத் திருகி வெளியே எடுத்தால் நுனியில் ஒரு சின்ன வலை இருக்கும், அதைப் பழைய பல் துலக்கியால் தேய்த்துப் பெட்ரோலில் அலசுங்கள். துடைக்கப் பழைய பனியன் துணி வேண்டாம், நூல் உதிரும், அந்த நூலைப் பிறகு கார்புரேட்டரில் சந்திப்பீர்கள்.

டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் திருகைப் பற்றி ஒரு சொந்தக் கதை. ஒரு ஜூன் மாதக் காலை, நானும் மச்சானும் உபின் தீவின் செக் ஜாவாவுக்கு வெளியே மீன் பிடித்துக்கொண்டிருந்தோம். மேற்கே வானம் கறுத்தது, சுமத்ரா பக்கமிருந்து காற்று வரப்போகிறது என்று தெரிந்து கிளம்பினோம். பத்து நிமிஷம் ஓடிய எஞ்சின் நின்றது. இழுத்தால் கிளம்புகிறது, ஒரு நிமிஷத்தில் மறுபடி நிற்கிறது. நான் மேல்மூடியைக் கழற்றி ஸ்பார்க் பிளக்கைத் தேட ஆரம்பித்தேன், படகு பாட்டுக்கு ஒரு கெலோங் (கடலில் கட்டிய மீன்பிடி மேடை) பக்கம் இழுபட்டுப் போய்க்கொண்டிருந்தது. மச்சானுக்கு எஞ்சின் பற்றி ஒன்றும் தெரியாது, அவர்தான் "இந்த ரப்பர் உருண்டை ஏன் சப்பிப் போயிருக்கு?" என்று கேட்டார். டேங்கின் காற்றுத் திருகைத் திறக்க மறந்திருந்தேன். உள்ளே காற்று போக வழியில்லை, பெட்ரோல் எப்படி வரும்? அன்றைக்குக் கற்றது இரண்டு. பிரைமர் பல்பு சப்பிப் போனால் அடைப்பு பல்புக்கு முன்னால், அதாவது டேங்க் பக்கம் இருக்கிறது. அப்புறம், எஞ்சின் நின்றால் கருவிப்பெட்டியைத் தொடுவதற்கு முன் நங்கூரத்தைப் போடு. ஜோகூர் நீரிணையில் போக்குவரத்தும் மீன்பண்ணைகளும் இருக்கிற நெரிசலில் மிதந்துகொண்டே எஞ்சினைப் பழுது பார்ப்பது முட்டாள்தனம்.

அதே திருகு கரைக்கு வந்தபின் எதிர்ப்பக்கம் கடிக்கும். திருகை மூடிவைத்து, ஹோஸை எஞ்சினிலேயே மாட்டி விட்டுவிட்டுப் போனால், வெயிலில் டேங்க் உப்பி, உள் அழுத்தம் பெட்ரோலைத் தள்ளித் தள்ளி கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் ஊசியையும் தாண்டி வெளியே வடியவைக்கும். இப்போது வரும் சில டேங்குகளில் மூடியே தானாகக் காற்று இழுத்துக்கொள்ளும், ஆனால் வெளியே விடுவது உள்ளே நன்றாக அழுத்தம் ஏறிய பிறகுதான், அதனால் பலூன் மாதிரி உப்பி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். எந்த டேங்காக இருந்தாலும் வேலை முடிந்ததும் ஹோஸை எஞ்சினிலிருந்து கழற்றிவிடுங்கள். டேங்கை நிழலில் வையுங்கள்.

ஹோஸுக்கு வருகிறேன், இதைத்தான் யாரும் சந்தேகப்படுவதில்லை. டேங்கிலிருந்து எஞ்சினின் பம்பு வரை உள்ள பாதையில் பெட்ரோல் தள்ளப்படுவதில்லை, உறிஞ்சப்படுகிறது. அதனால் எங்காவது ஓட்டை இருந்தால் பெட்ரோல் சொட்டாது, காற்று உள்ளே போகும். சொட்டாத கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது? எஞ்சின் தடுமாறும்போது பல்பை அமுக்குங்கள். அமுக்கியதும் உயிர் வந்தால் குறை வழியில்: இணைப்பியின் ரப்பர் வளையம் (ஓ-ரிங்), ஹோஸ் வெடிப்பு, பல்பின் வால்வு, அல்லது எஞ்சினின் பம்புக்குள் இருக்கும் சவ்வு (டயஃப்ரம்). அமுக்கியும் மாற்றமில்லை, சோக்கு இழுத்தால்தான் சரியாகிறது என்றால் குறை கார்புரேட்டரில். பல்பை எவ்வளவு அமுக்கினாலும் கெட்டியாகவே மாட்டேன் என்கிறதா, ஒன்று காற்று போகிறது, இல்லாவிட்டால் கார்புரேட்டர் ஊசி மூடாமல் பெட்ரோல் வழிகிறது. அமுக்கும்போது பல்பை அம்புக்குறி மேல்நோக்கி இருக்குமாறு செங்குத்தாகப் பிடியுங்கள், உள்ளே இருக்கும் வால்வுகள் அப்போதுதான் சரியாக உட்காரும். நம் வெயிலில் மூன்று வருஷத்துக்கு மேல் ஒரு ஹோஸை நான் நம்புவதில்லை. வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும், உள்புறப் பூச்சு உரிந்து ஒரு நாக்கு மாதிரி தொங்கும், மெதுவாகப் போனால் பெட்ரோல் வரும், வேகம் கூட்டினால் அந்த நாக்கு வழியை அடைக்கும். கிண்ணத்தில் கறுப்புத் துணுக்கு பார்த்தால் ஹோஸைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள்.

ஃபில்டர் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. எஞ்சினுக்குள் இருக்கும் சின்ன ஃபில்டர் துகளைப் பிடிக்கும், தண்ணீரைப் பிடிக்காது, வருஷத்துக்கு ஒன்று மாற்றுங்கள், விலை ஒரு கோப்பிக்கடைச் சாப்பாட்டைவிட அதிகம் போகாது. தண்ணீரைப் பிரிக்கும் 10 மைக்ரான் ஃபில்டர் 15 குதிரைத்திறனுக்கு மேல் உள்ள படகில் டேங்குக்கும் பல்புக்கும் நடுவே போடலாம், நல்ல ஏற்பாடு. உங்கள் 6-க்கு அது கொஞ்சம் அதிகம்தான். அதற்குப் பதிலாக, தண்ணீரை விடாத வலை வைத்த புனல் ஒன்று வாங்குங்கள். அதன் வலையில் டெஃப்லான் பூச்சு இருக்கும், பெட்ரோல் இறங்கும், தண்ணீர் புனலிலேயே தங்கிவிடும். ஊற்றி முடித்ததும் புனலின் அடியில் என்ன மிச்சம் என்று பாருங்கள், நாம் எவ்வளவு சுத்தமானவர்கள் என்று தெரியும்.

இப்போது கார்புரேட்டர். மேலே சொன்னதை எல்லாம் முடித்தபிறகு, அதற்கு முன்னால் அல்ல. எஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்ச் கயிற்றை எடுத்து, ஸ்பார்க் பிளக் வயரையும் கழற்றி வையுங்கள். எதையும் கழற்றும் முன் கைப்பேசியில் நாலு பக்கமும் படம் எடுங்கள், குறிப்பாகத் திராட்டில் கம்பியும் சோக்குக் கம்பியும் எந்தத் துளையில் மாட்டியிருக்கின்றன என்பதை. கிண்ணத்தின் அடியில் ஒரு வடிதிருகு இருக்கும், முதலில் அதைத் திறந்து ஜாடியில் பிடியுங்கள், இது உங்களுக்கு இரண்டாவது சாட்சி. பிறகு கார்புரேட்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்றி வெளியே எடுத்து, ஒரு தட்டின் மேல் வைத்துக் கிண்ணத்தைப் பிரியுங்கள். ஐஸ் கட்டித் தட்டு ஒன்று வைத்துக்கொண்டால் கழற்றிய வரிசையில் ஒவ்வொரு குழியில் ஒன்றாகப் போடலாம், தங்கமான யோசனை, என்னுடையது அல்ல, என் மனைவியுடையது, அவருடைய தட்டு திரும்பிச் சமையலறைக்குப் போகவில்லை என்பது வேறு விஷயம்.

கிண்ணத்துப் பெட்ரோலில் மிதக்கும் ஃப்ளோட்டைத் தாங்கும் கம்பியை உருவினால் ஃப்ளோட்டும் அடைப்பூசியும் கையோடு வரும். ஃப்ளோட்டைக் காதருகில் குலுக்குங்கள், உள்ளே தளும்பும் சத்தம் கேட்டால் அது போய்விட்டது. அடைப்பூசியின் கூம்பு நுனியைச் சுற்றி ஒரு பள்ளம் விழுந்திருந்தால் மாற்றுங்கள், அதுதான் பெட்ரோல் வழிவதற்குக் காரணம். மெயின் ஜெட்டைக் கழற்ற, அதன் பிளவுக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்குரூடிரைவர் வேண்டும். பித்தளை மெத்தென்றது, ஒருமுறை பிளவு சிதைந்தால் அழுதுகொண்டே ஒர்க்‌ஷாப் போக வேண்டியதுதான். பைலட் ஜெட் சில மாடல்களில் ஒரு ரப்பர் அடைப்புக்குக் கீழே ஒளிந்திருக்கும், அவசரத்தில் சுத்தம் செய்பவர்கள் தவறவிடுவது இதைத்தான். உங்களுக்கும் அது நடந்திருக்கலாம். காற்றுக் கலவைத் திருகு இருந்தால், கழற்றும் முன் அதை மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று எண்ணி எழுதிவையுங்கள். மூடி போட்டு அடைத்திருந்தால் அதைத் தொடாதீர்கள்.

ஜெட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். சுத்தமான வட்டமாக ஒரு புள்ளி வெளிச்சம் தெரிய வேண்டும், ஓரம் ஒழுங்கில்லாமல் இருந்தால் இன்னும் பிசின் இருக்கிறது. கம்பியோ ஊசியோ விட்டுக் குத்தாதீர்கள், துளை ஒரு நூல் பெரிதானாலும் எஞ்சின் அதிகம் குடிக்கும். தூண்டில் நரம்பு இருக்கிறதே, 10 பவுண்டு நைலான், அதில் ஒரு துண்டு வெட்டி நுழைத்து எடுங்கள், மீன்காரன் வீட்டில் அதற்கா பஞ்சம். கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரேயை ஒவ்வொரு துளையிலும் அடித்து, மறுபக்கம் எங்கே பீய்ச்சுகிறது என்று பாருங்கள். திராட்டில் தகட்டை ஒட்டி வரிசையாகச் சின்னச் சின்னத் துளைகள் தெரியும், ஐடிலுக்கான பெட்ரோல் வெளியே வரும் வழி அதுதான், ஒவ்வொன்றிலும் தாரை வர வேண்டும். ஸ்பிரே அடிக்கும்போது கண்ணாடியும் கையுறையும் போடுங்கள், எதிர்பாராத துளையிலிருந்து நேராக முகத்துக்கு வரும். ரப்பர் பாகங்களை அந்த ஸ்பிரேயில் ஊறவைக்காதீர்கள், உப்பிவிடும். இடுக்கை அடைக்கும் கேஸ்கட் புதிது போடுங்கள், பழையதையே வைத்து மூடினால் மறுபடி ஒரு கசிவைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

சுத்தம் செய்தாயிற்று, இனி அப்படியே வைத்திருப்பது எப்படி? இதில் எனக்கு ஒரே விதி: இரண்டு வாரத்துக்குள் மறுபடி ஓட்டப்போவதில்லை என்றால் கிண்ணத்தை வடித்துவிடு. கரைக்கு வந்ததும் டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி அதில் எஞ்சினை இறக்கி ஓடவிட்டு உப்பைக் கழுவுவீர்கள் அல்லவா, அப்போதே ஹோஸைக் கழற்றிவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் பெட்ரோல் தீர்ந்து தானாக நிற்கும். அதோடு வேலை முடிந்தது என்று பலர் போய்விடுகிறார்கள், ஆனால் அடியில் ஒரு தேக்கரண்டி எப்போதும் மிச்சமிருக்கும், ஜெட் எட்டாத ஆழத்தில் அது நிற்கிறது, பிசினாவதும் அதுதான். வடிதிருகைத் திறந்து அதையும் எடுங்கள். இரண்டு நிமிஷ வேலை. ஜாடியில் பிடித்தால் அன்றைக்கு எவ்வளவு தண்ணீர் வந்தது என்று இலவசமாக ஒரு பரிசோதனையும் ஆகிவிடும். தண்ணீரில்லாமல் மட்டும் எஞ்சினை ஓட்டாதீர்கள், தண்ணீர்ப் பம்பின் ரப்பர் இறக்கை கருகிவிடும், அது வேறு செலவு. உங்களுடையது ஃபோர் ஸ்ட்ரோக் என்பதால் படுக்கவைக்கும்போது கையேட்டில் சொன்ன பக்கமாகவே படுக்கவையுங்கள், மாறினால் எஞ்சின் ஆயில் சிலிண்டருக்குள் இறங்கும்.

பெட்ரோலைப் பொறுத்தவரை ஆக்டேன் எண் 92 அல்லது 95 போதும். 98 ஊற்றினால் சுத்தமாக இருக்கும் என்று கோப்பிக்கடையில் சொல்வார்கள், ஆக்டேன் எண்ணுக்கும் சுத்தத்துக்கும் சம்பந்தமில்லை, புதிதா என்பதுதான் முக்கியம். 6 குதிரைத்திறன் முழு வேகத்தில் மணிக்கு இரண்டு லிட்டர் சொச்சம் குடிக்கும், நீங்கள் ஒரு காலைப் பொழுதுக்கு ஐந்து லிட்டரைத் தாண்டப் போவதில்லை. எதற்குப் பன்னிரண்டு லிட்டரை நிரப்பி இரண்டு மாதம் வைத்திருப்பது? மிச்சத்தை அந்த வாரமே காரில் ஊற்றிவிடுங்கள், ஃபோர் ஸ்ட்ரோக்கில் உள்ள வசதி அது, ஆயில் கலக்காத பெட்ரோல். டூ ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால், பெட்ரோல் 50-க்கு ஆயில் 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, கலப்பது டிசி-டபிள்யூ3 என்று போட்ட அவுட்போர்டு ஆயிலாக இருக்கட்டும், மோட்டார்சைக்கிள் ஆயில் அல்ல. கலந்த பெட்ரோல் வற்றினால் அடியில் ஆயில் தங்கி ஒட்டும், ஆகவே கிண்ணம் வடிப்பது உங்களுக்கு இன்னும் அவசியம்.

பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் ஊற்றலாமா என்று அடுத்த கேள்வி வரும். ஊற்றலாம், புதுப் பெட்ரோலில். கெட்டுப்போனதை அது திருப்பி நல்லதாக்காது. ஊற்றியபின் பத்து நிமிஷம் எஞ்சினை ஓட்டினால்தான் அது கார்புரேட்டர் வரை போய்ச்சேரும். டேங்கில் ஊற்றினால் ஜெட்டைச் சுத்தம் செய்யும் என்று விற்கும் புட்டிகளை நான் வாங்குவதை நிறுத்திவிட்டேன். லேசான பூச்சு என்றால் கரைக்கும், முழுக்க அடைத்த ஜெட்டில் பெட்ரோலே போகவில்லை, மருந்து மட்டும் எப்படிப் போகும்?

இதை எல்லாம் எங்கே உட்கார்ந்து செய்வது என்பதும் ஒரு விஷயம், ஏனென்றால் நம்மில் பலர் இருப்பது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியில். சமையலறையிலும் வேண்டாம், தாழ்வாரத்திலும் வேண்டாம், புளோக்கின் கீழ்த்தளத்திலும் வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து போய்ப் பத்தடி தள்ளி யாரோ கொளுத்தும் தீக்குச்சியைத் தேடிப் பிடிக்கும். வீட்டில் பெட்ரோல் வைத்திருப்பதற்குக் குடிமைத் தற்காப்புப் படையின் விதிகள் இருக்கின்றன, மீறாதீர்கள். படகு நிற்கும் இடத்திலேயே, காற்றோட்டமான நிழலில் செய்யுங்கள். டேங்கில் பெட்ரோல் நிரப்பும்போது அதைப் படகிலிருந்தும் காரிலிருந்தும் இறக்கித் தரையில் வைத்து நிரப்புங்கள், நிலைமின்சாரப் பொறி அப்போதுதான் வராது.

புதுக் கார்புரேட்டர் விஷயம். டேங்க், ஹோஸ், பல்பு, ஃபில்டர் எல்லாம் பார்த்து, பைலட் ஜெட்டில் வெளிச்சம் வட்டமாகத் தெரிந்து, தகட்டோரத் துளைகள் எல்லாவற்றிலும் தாரை வந்து, அப்புறமும் சோக்கு கேட்கிறது என்றால் வாங்குங்கள். உள் சுவர்கள் உப்பால் அரித்து வெள்ளையாகப் பூத்திருந்தாலும் வாங்குங்கள், அதைக் காப்பாற்ற முடியாது. இணையத்தில் கால் விலைக்குக் கிடைக்கும் நகல்களில் ஜெட் அளவு உங்கள் எஞ்சினுக்குப் பொருந்துமா என்பது அதிர்ஷ்டம்தான், நான் இரண்டு வாங்கி இரண்டையும் தூக்கிப் போட்டேன். எனக்கென்னவோ உங்கள் விஷயம் அதுவரை போகாது என்றுதான் படுகிறது.

டேங்கிலிருந்து எடுத்த பழைய பெட்ரோலைப் பக்கத்துச் சாக்கடையில் ஊற்றிவிடாதீர்கள். இந்தத் தீவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி, அந்தக் கால்வாய் போய்ச் சேருவது நாம் குடிக்கும் நீர்த்தேக்கம். உலோகக் கேனில் மூடி, நீங்கள் வழக்கமாகப் போகும் ஒர்க்‌ஷாப்பில் கேளுங்கள், கழிவு எண்ணெய் எடுக்க உரிமம் உள்ளவர்கள் அங்கே வருவார்கள், அவர்களிடம் கொடுத்து அனுப்ப முடியுமா என்று பாருங்கள். இரண்டு முறை காசு வாங்கியிருக்கிறார்களே, இதை இலவசமாகச் செய்து தரட்டும்.